அவர் பெயரில்

கணவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்த சத்தம் கேட்டபோது, அவள் மூடிய கதவுக்கு வெளியே டீயோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் வேலை செய்கிற நேரத்தில் அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது. டீயை வாசலில் கிடக்கும் முக்காலியில் வைத்துவிட்டு, விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். உள்ளே ஏதோ கனமாக விழுந்தது கேட்டும் அவள் உடனே கதவைத் திறக்கவில்லை. திறந்தால் திட்டு விழுமோ என்று ஒரு கணம் தயங்கினாள். அப்படித் தயங்கியதை நினைத்து பிற்பாடு அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அது அவர்மேலா, தன்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் விழித்து வாயைத் திறந்தவருக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தை: "அப்புறம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், நர்ஸைத் திட்டினாலும் அப்புறம். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துத்தான் எது எதற்கு என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பார்க்க வந்த அக்கா வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"உன்ன ஒரு நாளாவது ஒரு பேச்ச முழுசாப் பேச விட்டிருப்பாராடி? இப்பப் பாரு, 'அப்புறம், அப்புறம்'னு கதை கேக்குற மாதிரி படுத்திருக்காரு. இனியாவது நீ பேசு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டாக்டர் நிதானமானவர். "பேச்சு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆனா கைக்குப் பழகினது சிலது மிச்சமிருக்கும். யோசிச்சுச் சொல்றது வராது. யோசிக்காமச் செய்றது வரும்" என்றார்.

கணவர் வேலை பார்த்த கம்பெனி வேறோர் ஊரில் இருந்தது. பல பரிசோதனைக்கூடங்களிலிருந்து வரும் ரத்தம், சிறுநீர், சர்க்கரை அறிக்கைகளை வாங்கி, எது எந்தக் கிளினிக்குக்கு என்று பிரித்து அனுப்புவது அதன் தொழில். வந்து குவிந்திருக்கும் ஃபைல்களைக் காலையில் கிளினிக் திறப்பதற்குள் பிரித்து, பெயர் மாற்றி, உரியவர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. வீட்டிலிருந்தபடியே செய்வார். அதை 'சர்வர் வேலை' என்று சொல்லுவார். சொந்தக்காரர்கள் யாராவது விவரம் கேட்டால், "சொன்னா உங்களுக்குப் புரியாது" என்பார். அவள் கேட்டால் அதைக்கூடச் சொல்லமாட்டார்.

கம்பெனி மேனேஜரிடமிருந்து கணவரின் போனுக்குச் செய்தி மேல் செய்தி வந்துகொண்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, கணவர் எழுதுவதுபோல் பதில் எழுதினாள். தொண்டையில் ஆபரேஷன். பேச முடியாது. சில நாள் லீவு வேண்டும். பிறகு வழக்கம்போல் வேலை செய்வேன், எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் பதறிவிட்டாள்.

"பிறகு வழக்கம்போல யாருடி செய்வா?"

"நான்தான்."

"உனக்கு என்னடி தெரியும் அதப்பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. கத்துக்கணும்."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா வேல போகும். சும்மா இருந்தாலும் வேல போகும். ரெண்டுல எது நல்லாருக்குக்கா?"

கல்யாணத்துக்கு முன்னால் தங்கை ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். விசைகளைப் பார்க்காமல் படபடவென்று அடிப்பாள். அந்த வேலையைக் கல்யாணத்தோடு விடச் சொன்னது கணவர்தான். "ரெண்டு பேரும் டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டிருந்தா வீடு என்னத்துக்கு ஆகும்?" என்றார். அவளும் விட்டாள்.

கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலை அந்த அறையிலேயே போட்டாள். அவ்வளவு காலம் அவள் பெருக்குவதற்கு மட்டும் நுழைந்த அறை. மேசையில் லேப்டாப். திறந்தால் கறுப்புத் திரை, மூலையில் துடிக்கும் ஒரு சின்னக் கட்டம். அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை, படம் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வேறோர் ஊரிலிருக்கும் கம்பெனியின் சர்வருக்குள் விட, முதலில் அது கடவுச்சொல் கேட்டது. அவள் லேப்டாப்பைக் கட்டிலுக்கு எடுத்துப் போய் அவர் மடியில் வைத்தாள்.

"என்னங்க, உங்க வேலய நான் பாக்கப் போறேன். நீங்க எழுந்திருக்கிற வரைக்கும்தான். பாஸ்வேர்டு போடுங்க."

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்புறம்?" என்றார், கேலியாக. அந்தக் கேலி மட்டும் பக்கவாதத்துக்குத் தப்பியிருந்தது. பிறகு இடது கை ஆள்காட்டி விரல் தானாக எழுந்து விசைகளைத் தேடித் தேடி அழுத்தியது. திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். அவர் கடைசி விசையைத் தட்டியதும் கதவு திறந்ததுபோல் புது வரி வந்தது. எழுத்தைக் காட்டாமலே அது வாங்கிக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் விரல் போன வழியை அவள் டைப்பிஸ்ட்டின் கண்ணால் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இணையத்தில் ஆரம்பப் பாடம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். முதல் பாடம் மூன்றெழுத்துக் கட்டளை: pwd. நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று அதனிடம் கேட்பது. அடித்தாள். சாய்கோடுகளால் பிரித்த ஒரு பாதை வந்தது, அதன் கடைசியில் கணவர் பெயர். அவர் பெயரில் இருக்கும் வீட்டுக்குள் நீ நிற்கிறாய் என்று அது சொன்னதாக அவள் புரிந்துகொண்டாள். அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

ls என்றால் இந்த இடத்தில் என்னென்ன கிடக்கிறது என்று காட்டும். cd என்றால் இன்னோர் அறைக்குப் போகலாம். இரண்டு புள்ளி சேர்த்தால் வந்த வழியே ஒரு படி வெளியே வரலாம். பெயரை முழுக்க அடிக்க வேண்டாம். பாதி அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த அன்று அவள் சமையலறையில் நின்று தன்னந்தனியாகச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில், அவள் பாதி சொல்லி மீதியைப் புரிந்துகொண்ட முதல் ஆள் இதுதான்.

man என்று முன்னால் போட்டால் எந்தக் கட்டளைக்கும் விளக்கம் வரும். போனில் அக்காவிடம் சொன்னாள்.

"மேன்னு அடிச்சு என்ன கேட்டாலும் ஒளிக்காம விளக்கிச் சொல்லுதுக்கா."

"அப்படி ஒரு மேன் இருக்கானாடி? எனக்கும் ஒண்ணு பாத்து வையி."

ஆனால் அந்த விளக்கத்துக்குள் நுழைந்தவளுக்கு வெளியே வரத் தெரியவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் பக்கம் மேலும் கீழும் நகர்ந்ததே தவிர விடவில்லை. பயந்துபோய் மூடியைப் பட்டென்று சாத்திவிட்டாள். ஒரே ஒரு q போதும் என்பது மறுநாள் பாடத்தில் வந்தது.

தப்புகளுக்கும் குறைவில்லை. பெயருக்கு நடுவில் இடைவெளி விட்ட ஃபைலை அது இரண்டு ஃபைல் என்று நினைத்துக்கொண்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. mv என்பது இடம் மாற்றவும் பெயர் மாற்றவும். அதை வைத்து இரண்டு நோயாளிகளின் அறிக்கைக்கு ஒரே பெயரைக் கொடுத்துவிட்டாள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கீழே இருந்தது இல்லாமலே போயிற்று. கணவர் பெயரில் பரிசோதனைக்கூடத்துக்கு எழுதி, மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கினாள். அதற்குப் பிறகு rm என்ற கட்டளையைப் பற்றிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அது அழிப்பதற்கு. குப்பைக்கூடை கிடையாது. 'நிச்சயமா?' என்ற கேள்வி கிடையாது. போனது போனதுதான்.

கட்டிலிலிருந்து கணவர் பார்த்துக்கொண்டே இருப்பார். திரை அவருக்குத் தெரிகிற மாதிரிதான் மேசையைத் திருப்பிப் போட்டிருந்தாள். அவள் தப்பாக அடித்தால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். சரியாக அடித்தால் ஒரு விரலைத் தூக்குவார். ஆரம்பத்தில் கம்பிச் சத்தம்தான் அதிகம். ஆனாலும் அந்த நாட்களை அவள் வெறுக்கவில்லை. ஒரு காலையில் அவள் cd என்பதற்குப் பதிலாக dc, dc என்று அடித்துக்கொண்டே இருந்தாள். அப்படி ஒன்று இல்லை, இல்லை என்று அதுவும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. கணவர் கம்பியைத் தட்டித் தட்டி ஓய்ந்து கடைசியில் சிரித்துவிட்டார். கோணிப்போன வாயோடு சிரித்த சிரிப்பு. அவளும் சிரித்தாள். இவரோடு ஒரே விஷயத்துக்காகச் சேர்ந்து சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

வேலை பிடிபடப் பிடிபட, அவர் வேலை செய்த லட்சணமும் தெரியவந்தது. 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர், உள்ளே 'புதுசு2', அதற்குள் 'கடைசி', அதற்குள் 'நிஜமாவே கடைசி'. ஒவ்வொரு ஃபைலையும் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தியிருக்கிறார். பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தால், அறிக்கை மாறிவிட்டது, தாமதமாகிவிட்டது என்று கிளினிக்குகளின் புகார்கள். மேனேஜர் காரமாகவே எழுதியிருந்தார். இவர் குழைந்து குழைந்து மன்னிப்புக் கேட்டிருந்தார். இதற்காகவா வீட்டில் நடப்பதற்குக்கூட அடிச்சத்தம் வரக் கூடாது என்றார்? இதற்காகவா மிக்ஸியைப் போடாமல் எல்லாவற்றையும் கையால் அரைத்தோம்? அவளுக்கு வாய் கசந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பேச முடியாதவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

பாடத்தில் அடுத்து நட்சத்திரக் குறி வந்தது. ஒரு நட்சத்திரம் போட்டால், அந்த எழுத்தில் தொடங்கும் ஃபைல்கள் மொத்தமும் வரிசைகட்டி வரும். பிறகு செங்குத்துக் கோடு: ஒரு கட்டளை துப்புவதை இன்னொன்றின் வாயில் ஊற்றுவது. பிறகு, ஒரு வேலையைச் சொல்லி, இதேபோல் ஒவ்வொன்றுக்கும் செய் என்று ஏவுவது. அவள் முதல்முறை அதை அடித்தபோது கணவர் கம்பியைப் பலமாகத் தட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். தப்பா என்று மறுபடி படித்தாள். தப்பு தெரியவில்லை. அவர் இன்னும் ஓங்கித் தட்டினார். "அப்புறம்! அப்புறம்!" என்று கத்தினார். அவள் என்டரைத் தட்டினாள். ஃபைல்கள் மளமளவென்று பிரிந்து அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஒரு காலை முழுக்கச் செய்கிற வேலை, மூச்சு விடுவதற்குள் முடிந்திருந்தது.

அவருக்கு இது தெரியாது என்று அவளுக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கியது என்று அவருக்கும் விளங்கியது. அன்றிலிருந்து கம்பிச் சத்தம் நின்றுவிட்டது. அவள் மேசையில் உட்கார்ந்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதி, அதைக் கூப்பிட்டால் எல்லாம் வரிசையாக நடக்கும்படி செய்தாள். இரண்டு அறிக்கைக்கு ஒரே பெயர் வந்தால் நிறுத்திக் கேட்கும்படி ஒரு வரி, பெயரில் இடைவெளி இருந்தால் சரிசெய்ய ஒரு வரி. தான் இடறி விழுந்த இடத்துக்கெல்லாம் ஒரு கைப்பிடி வைத்ததுபோல. பிறகு காலையில் அதுவாகவே எழுந்து ஓடும்படி நேரமும் குறித்தாள். இவற்றையெல்லாம் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு அதற்கு 'காலை' என்று பெயர் வைத்தாள். அங்கே அவளாகப் பெயர் வைத்தது அது ஒன்றுதான். ls போட்டு விவரமாகக் கேட்டால், எழுதியவர் யார் என்ற இடத்தில் வரிக்கு வரி கணவர் பெயரே வந்தது. சர்வருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் போன் செய்தார். வழக்கமாக எழுதுகிறவர், அன்று கூப்பிட்டுவிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், சார் பக்கத்துல இருக்காரா? பேச வேண்டாம், கேட்டா போதும்."

"இருக்காரு, சொல்லுங்க."

"சார், உண்மையச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. முன்னாடி உங்க பேரச் சொன்னாலே எனக்குத் தலவலி. இந்த வருஷம் உங்கள வேலயிலேருந்து எடுத்துரலாம்னுகூட ஒரு பேச்சு இருந்துச்சு. இப்ப என்ன சார் ஆச்சு உங்களுக்கு? ஒரு கிளினிக்லேருந்தும் ஒரு புகார் இல்ல. மேல இருக்கவங்களே யாரு இது, இவ்வளவு சுத்தமாப் பண்றதுன்னு கேக்குறாங்க. தொண்டைய அறுத்தது நல்லதுக்குத்தான் போல சார். பேச்சு குறைஞ்சுது, வேல கூடிருச்சு!"

அவரே சொல்லி அவரே சிரித்தார். அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. யாரோ அவள் தலையைத் தடவிக் கொடுத்ததுபோல் இருந்தது. வக்கீல் ஆபீஸை விட்ட பிறகு அவள் செய்த வேலையை நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. தன்னையறியாமல் புன்னகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சுவரைப் பார்த்திருந்த கணவர் கழுத்தைத் திருப்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புன்னகையைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு நேரமிருக்கவில்லை.

"உங்களத்தான் சொல்றாரு" என்றாள், அசடு வழிய.

அவர் அந்த ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கட்டிலை ஒட்டியிருந்த மேசையில் லேப்டாப் திறந்தபடியே கிடந்தது. கடையில் கூட்டம். நின்று வாங்கிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்தபோது லேப்டாப் கட்டில்மேல் அவர் இடுப்பருகே இருந்தது. அதன் வயர் மேசையின் மேலிருந்த தண்ணீர்ச் சொம்பை இழுத்துக் கவிழ்த்திருந்தது. அவர் நெற்றி வியர்த்திருந்தது. ஒற்றைக் கையால் அதை இழுத்துக்கொள்ள அவர் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். பேச ஏதோ முயற்சி செய்திருக்கிறார், எழுதிக் காட்டப் பார்த்திருக்கிறார் என்று அவள் மனசு இளகியது.

"என்னங்க, ஏதாவது எழுதணுமா? என்னக் கூப்பிட்டிருக்கலாமே" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது, எதுவும் எழுதியிருக்கவில்லை. வெறும் வரி, துடிக்கும் கட்டம். அவள் வழக்கம்போல் ls அடித்தாள். பழைய 'புதுசு', 'புதுசு2' எல்லாம் இருந்தன. 'காலை' இல்லை.

இடம் மாறி நிற்கிறோமோ என்று pwd அடித்தாள். சரியான இடம்தான். மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தினால் முன்னால் அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அழுத்தினாள். தன்னுடைய இரண்டு கட்டளைகளையும் தாண்டி மூன்றாவதாக அது வந்து நின்றது. rm, பக்கத்தில் ஒரு சிறு குறி, பிறகு அவள் வைத்த பெயர். ஓர் எழுத்துப் பிழை இல்லை. விழுந்த நாளிலிருந்து அவர் முழுசாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அதுதான்.

வேறு எதையும் அவர் தொடவில்லை. நோயாளிகளின் அறிக்கைகளைத் தொடவில்லை. தன் பழைய குப்பையைத் தொடவில்லை. பார்த்துப் பார்த்து, அவளுடையதை மட்டும் அழித்திருந்தார்.

"ஏன்?" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் திறங்க. ஏன்னு கேக்குறேன். உங்க பேர்லதானே எழுதினேன்? உங்களத்தானே பாராட்டினாரு? உங்க வேலய நான் காப்பாத்தினேனா, கெடுத்தேனா?"

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. மற்ற நாளாக இருந்தால் துடைத்துவிட்டிருப்பாள். அன்று துடைக்கவில்லை. சொம்புத் தண்ணீரை மட்டும் துணி போட்டுத் துடைத்தாள்.

மறுநாள் காலை எதுவும் தானாக ஓடவில்லை. நினைவிலிருந்து திரும்ப எழுதப் பார்த்தாள். கோபத்தில் வரிகள் முன்னும்பின்னுமாக வந்தன. ஓட்டினால் பாதியில் நின்றது. கையால் நகர்த்த ஆரம்பித்தாள். கிளினிக்குகள் திறந்துவிட்டன. மேனேஜர் போன் வந்தது.

"மேடம், சார் என்ன பண்றாரு? ஒரு ரிப்போர்ட்டும் போகல. நாலா பக்கமும் போன் பண்ணிக் கிழிக்கிறாங்க. சார்கிட்ட குடுங்க."

அவளிடம் பொய் தயாராகத்தான் இருந்தது. காய்ச்சல், கரண்ட் இல்லை, நெட் இல்லை, எதைச் சொன்னாலும் அன்றைக்குச் சமாளித்திருக்கலாம். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"சார் ஒண்ணும் பண்ணல. அவரால முடியாது. அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் இல்ல, பக்கவாதம். இத்தன மாசமா இந்த வேலயப் பாத்தது நான். நீங்க பாராட்டினது என்னத்தான்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. அவள் காத்திருந்தாள். அந்த மௌனத்துக்குள் அவள் மடத்தனமாக ஒரு நம்பிக்கையையும் வைத்திருந்தாள். அப்படியா மேடம், நீங்களா, அப்போ நீங்களே செய்யுங்களேன் என்று சொல்லிவிடுவார் என்று.

"மேடம்," என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "அப்போ இவ்வளவு நாளா இத்தன பேரோட ரத்த ரிப்போர்ட்ட, வேலையிலயே இல்லாத ஒரு வெளியாள் பாத்திருக்கீங்க."

"நான் எதையும் படிக்கல சார். பிரிச்சு அனுப்பினேன். ஒண்ணுகூட மாறல. நீங்களே சொன்னீங்க."

"நல்லாப் பண்ணீங்க. அது வேற. இது வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடணும். என் வேலையும் சேந்து போகும். இத என்கிட்ட சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில், இணைப்பு மூடப்பட்டது என்று ஓர் ஆங்கில வரி வந்தது. மறுபடி நுழையப் பார்த்தாள். அதே கடவுச்சொல். வாங்கிக்கொள்ளவில்லை.

கணவர் உடல்நலக் காரணத்தால் தாமாக விலகிக்கொண்டதாகக் கம்பெனி முடித்துக்கொண்டது. கூடவே ஒரு சான்றிதழும் வந்தது, அவர் பெயருக்கு. கடைசி மாதங்களில் அவருடைய பணி மிகச் சிறப்பாக இருந்ததென்றும், பிழையே இல்லையென்றும் அதில் போட்டிருந்தது. அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இத ஃபிரேம் போட்டு மாட்டணும்டி, செருப்பு விடுற இடத்துல" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

சிறுகச் சிறுக அந்த ஃபோல்டரை அவள் தன் நினைவிலிருந்தே மீட்டுவிட்டாள். சர்வர் இல்லை, அனுப்ப அறிக்கைகள் இல்லை. சும்மா சில ஃபைல்களை உண்டாக்கி அவற்றைப் பிரித்துப் பார்த்தாள். முன்னைவிட நன்றாகவே ஓடியது. இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு வேலை கேட்டுப் போனாள். ஓரிடத்தில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கணக்குக் கொடுத்தார்கள். அவள் அடித்து முடித்ததும் நேர்காணல் செய்த பெண் புருவத்தை உயர்த்தினாள்.

"எங்க வேல பாத்தீங்க?"

"வீட்டுலதான்."

"அனுபவச் சான்று?"

"இருக்கு. என் பேர்ல இல்ல."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் ஒரு பார்சல் ஆபீஸில் முகவரி ஏற்றும் வேலை கிடைத்தது. கட்டம் கட்டமாக இருக்கும் படிவத்தில், மவுஸால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு நிரப்ப வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தொடுவதை ஒரே வரியில் முடிக்கலாமே என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். "குடுத்த வேலயப் பாருங்கம்மா" என்றார் அவர். பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். குரல் தேனாக ஒழுகியது.

"மேடம், சார் எப்படி இருக்காரு? ஒண்ணுமில்ல, இங்க புதுசா ஒருத்தரப் போட்டோம், சரிப்படல. சார் எழுதி வெச்சிருந்தாரே, காலையில தானா ஓடுமே, அதோட காப்பி ஏதாவது அங்க இருக்குமா? சார்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

சார் எழுதி வைத்தது. எல்லாம் தெரிந்த மனுஷன்தான் இப்படிக் கேட்டார். காப்பி அவள் கைக்கெட்டும் தூரத்தில், மூடிய லேப்டாப்புக்குள் இருந்தது.

"நீங்களே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கணவரின் காதில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"சார், வணக்கம் சார், அந்த ஸ்கிரிப்ட்..."

கணவர் தலையை விலக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. "அப்புறம்" என்றார் அவர். "அப்புறம்... அப்புறம்..." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் "ஹலோ, ஹலோ" என்றுவிட்டு வைத்துவிட்டது. அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அடுப்பில் பொங்கி வழிந்த பாலை இறக்கினாள். அவர் அழுகிற சத்தம் கேட்டது. போகவில்லை.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்களுக்குள் பேச்சே இல்லை. அவள் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பகலில் பார்த்துக்கொள்ள அக்கா வந்துவிடுவாள். வாரத்தில் சில நாள், கைகால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சிரித்த முகம். "இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் சார்" என்று அவர் விரல்களை நீவிவிட்டபடி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் காலை அப்படி நீவிவிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், வேலைக்குக் கிளம்பி நின்றவளிடம் திரும்பினாள்.

"மேடம், சார் கம்ப்யூட்டர்ல வேல பாத்தவர்தானே? லேப்டாப் இருந்தா தினம் கொஞ்ச நேரம் மடியில வெச்சுக் குடுங்க. பழகின கை. தட்டத் தட்ட விரலும் நல்லா வரும், வார்த்தையும் வந்தாலும் வரும். இவங்க மாதிரி ஆளுங்களுக்கு அதவிட நல்ல பயிற்சி கிடையாது."

கணவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் அவளைப் பார்த்தார். கேலி இல்லாத பார்வை. கெஞ்சுகிற பார்வை. அவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

லேப்டாப் அவள் தோள் பையில் இருந்தது. இப்போதெல்லாம் தினமும் மதிய இடைவேளையில், பார்சல் ஆபீஸின் பின்கட்டில் உட்கார்ந்து, விட்ட பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"அது கெட்டுப்போச்சும்மா" என்றாள். "ஆன் ஆகவே மாட்டேங்குது."

"அடடா. ரிப்பேர் பண்ண முடியாதா?"

"கேட்டுப் பாத்தாச்சு. முடியாதாம்."

கணவரின் பார்வை அவள் முகத்திலிருந்து பைக்கு இறங்கியது. பையின் ஓரத்தில் சார்ஜர் வயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. பயிற்சிக்காரி அதைக் கவனிக்காமல் அவர் உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"சரி, அப்போ இத அமுக்குங்க சார். ம், நல்லா அமுக்குங்க."

மனசு உறுத்தும் என்று அவள் ஒரு நிமிஷம் வாசலில் நின்று பார்த்தாள். உறுத்தவில்லை. வயரைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினாள்.